ஈறு வைத்தியத்தால் பிரஷர் 11 புள்ளி இறங்குமா? முகாம் துண்டறிக்கையில் என்ன எழுதுவது?

தாம்வே முகாம் குழு

எல்லாருக்கும் வணக்கம். யாங்கோன் தாம்வேயில் கோயில் மண்டபத்தில் நடத்தப்போகும் இலவச பிரஷர், சர்க்கரைப் பரிசோதனைக்குத் தமிழிலும் பர்மியிலும் ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. உப்பு, நாப்பி (பர்மிய உப்பு மீன் விழுது), கருவாடு, மாத்திரையை விடாமல் போடுவது என்று வழக்கமான பகுதி முடிந்துவிட்டது. ஈறு நோயையும் சேர்க்க வேண்டும் என்று குழுவில் உள்ள பல் மருத்துவ மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் காட்டுவது மார்த்தா செஸ்னிகியேவிச்-குஜிக் குழுவினர் 2019இல் யூரோப்பியன் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு. ஈறு வைத்தியத்துக்குப் பிறகு மேல் அளவு சராசரியாக 11 புள்ளி குறைந்தது என்கிறது அது. ஒரு பிரஷர் மாத்திரை இறக்குகிற அளவுக்கு அது வந்துவிடுகிறது.

அப்படியே அச்சடித்தால், மாத்திரையை நிறுத்திவிட்டுப் பல் கிளீன் பண்ணப் போகிறவர்கள் இருப்பார்கள். எழுதாமல் விடவும் மனமில்லை. அந்த ஆய்வில் சரியாக என்ன செய்தார்கள்? முகாமில் மாணவர்கள் செய்யும் சாதாரண ஸ்கேலிங் (பல் காரை எடுப்பது) அதற்கு ஈடாகுமா? பல் பிரிவையும் பிரஷர் மேசையையும் ஒரே மண்டபத்தில் வைத்தால் எதை முதலில் செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன் ஈறு வைத்தியம்

அந்த 11ஐத் தனி எண்ணாக அச்சடிக்காதீர்கள். எண் சரிதான். ஆனால் எந்த வைத்தியத்தை எதோடு ஒப்பிட்டு வந்தது என்று சொல்லாவிட்டால் படிக்கிறவர் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்.

ஆய்வில் இருந்தவர்கள் 101 பேர். எல்லாருக்கும் ஏற்கெனவே பிரஷர் உண்டு. ஈறு நோயும் நடுத்தரம் முதல் கடுமை வரை. ஒரு பாதிப் பேருக்கு ஈறுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் காரையை மட்டும் எடுத்தார்கள். மறு பாதிப் பேருக்கு ஈறுக்குக் கீழே, வேர்ப்பரப்பு வரைக்கும் சுத்தம் செய்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் கொடுத்தார்கள். 2 மாதம் கழித்து 24 மணி நேரக் கருவி கட்டி அளந்தபோது, இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் மேல் அளவில் 11.1, கீழ் அளவில் 8.3.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. முகாமில் ஆளுக்குப் பத்து நிமிடம் மெஷின் வைத்து மேலாக எடுக்கும் ஸ்கேலிங், அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த வைத்தியம். அதைச் செய்துவிட்டு 11 புள்ளியை எதிர்பார்க்க ஆய்வே இடம் தரவில்லை.

இன்னொன்று. 2020இல் இதே கேள்வி மீதான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வைத்தியம் கொடுத்து அளந்த 12 ஆய்வுகளில் 5இல்தான் பிரஷர் குறைந்தது; மேல் அளவில் 3 முதல் 12.5 வரை. அதே தொகுப்பில், கடுமையான ஈறு நோய் உள்ளவர்களுக்கு பிரஷர் இருக்கும் வாய்ப்பு 49 சதவீதம் அதிகம் என்று வந்தது. தொடர்பு பலமாகத் தெரிகிறது. வைத்தியத்தின் பலன் ஆளுக்கு ஆள், செய்கிற ஆழத்துக்கு ஆழம் மாறுகிறது. எனக்குப் படுகிற நியாயமான வரி இது: "ஈறு நோய்க்கு ஆழமாக வைத்தியம் செய்துகொண்டால் பிரஷர் கட்டுக்குள் வர உதவலாம், மாத்திரைக்குப் பதிலாகாது."

ஏன் குறைகிறது என்று மாணவர்கள் விளக்க வேண்டி வரும், அதையும் எழுதுகிறேன். ஆரோக்கியமான ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். நோய் வந்தால் அது 5, 6, 8 என்று பையாக இறங்கும். பையின் உள்சுவர் புண்ணான தோல் மாதிரி. வாய் முழுக்கக் கூட்டினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று ஒரு கணக்கு உண்டு. காலில் இவ்வளவு பெரிய புண் இருந்தால் ஒருவரும் வருஷக்கணக்கில் சும்மா விடமாட்டார்கள். வாய்க்குள் மறைந்திருப்பதால் விட்டுவிடுகிறார்கள். மெல்லும்போதும் துலக்கும்போதும் அங்கிருந்து கிருமிகள் ரத்தத்தில் நுழைகின்றன. ஈறிலிருந்து இன்டர்லூகின்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் பொருள்களும் ரத்தத்தில் கலக்க, கல்லீரல் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. ரத்தக்குழாயின் உள்பூச்சு நைட்ரிக் ஆக்சைடு சுரந்துதான் குழாயைத் தளர்த்தும். அழற்சி அந்தச் சுரப்பைக் கெடுக்கிறது. குழாய் இறுகினால் அழுத்தம் ஏறும்.

இதில் டி செல்களுக்கு (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை; பி செல் இன்னொரு வகை) பெரிய பங்கு உண்டு. 2007இல் தொமாஸ் குஜிக், டேவிட் ஹாரிசன் குழுவினர் டி செல்லும் பி செல்லும் இல்லாத எலிகளுக்கு, ரத்தக்குழாயை இறுக்கி பிரஷரை ஏற்றும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோனைக் கொடுத்தார்கள். பிரஷர் வழக்கம்போல் ஏறவில்லை. டி செல்லைத் திருப்பிச் செலுத்தியதும் ஏறியது. பி செல்லைச் செலுத்தியபோது ஏறவில்லை. அந்த வரிசையில் வந்ததுதான் மார்த்தாவின் ஈறு ஆய்வு. ஈறு நோய்க் கிருமியான போர்ஃபிரோமோனஸ் ஜின்ஜிவாலிஸின் புரதங்களுக்கு எதிராக எலியின் உடம்பைத் தூண்டிவிட்டால், ஆஞ்சியோடென்சினால் ஏறும் பிரஷர் இன்னும் மோசமாகிறது என்று அவர் குழு காட்டியது. மனிதர்களில் ஆழமாகச் சுத்தம் செய்த குழுவில் இன்டர்லூகின்-6 குறைந்தது, தூண்டப்பட்ட டி செல்களும் குறைந்தன, குழாய் விரிவது மேம்பட்டது. பிரஷர் எண்ணோடு இவையும் ஒரே திசையில் நகர்ந்ததால்தான் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

நாள் கணக்கைத் துண்டறிக்கையில் கட்டாயம் சொல்லுங்கள். 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த தொனெட்டி குழுவின் ஆய்வில் 120 பேர். தீவிர ஈறு வைத்தியம் செய்த மறுநாள் ரத்தக்குழாய் விரிவது மோசமானது. 6 மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாக விரிந்தது. கீறிக் கிளறியதும் கிருமியும் அழற்சியும் ஒருதரம் பொங்கும். அதனால் வைத்தியம் முடிந்த அந்த வாரத்தில் பிரஷர் பார்த்துவிட்டு "பலனில்லை" என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வாய் முழுவதையும் ஒரே அமர்வில் முடிக்காமல் 2 முதல் 4 அமர்வாகப் பிரிப்பது நல்லது.

பெகு செவிலி

அளவு மேசை பற்றி மட்டும் சொல்கிறேன். பிரஷர் முதலில், பல் பிறகு. இது மாறவே கூடாது. பல் நாற்காலியில் உட்கார்ந்த பயம், வலி, ஊசி எல்லாம் அளவை ஏற்றிவிடும்.

உட்கார வைத்து 5 நிமிடம் பேசாமல் இருக்க விடுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் கூடாது, கை மேசையில் நெஞ்சு உயரத்தில். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அளப்பதற்கு முன் 30 நிமிடம் டீ, காபி, சுருட்டு, குன்யா (பர்மிய வெற்றிலைப் பாக்கு) எதுவும் கூடாது. குன்யாவை ஏன் சேர்க்கிறேன் என்றால், அதில் பாக்கின் அரெகோலினும் புகையிலையின் நிகோட்டினும் சேர்ந்திருக்கும். வாயில் அடக்கியபடி வருகிறவரை அளந்தால் கிடைப்பது குன்யாவின் எண். துப்பிவிட்டு உடனே உட்காருவதும் போதாது. டோக்கன் கொடுக்கும்போதே வாயைக் கொப்பளிக்கச் சொல்லி நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

கைப்பட்டையின் காற்றுப்பை மேற்கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் உயர்த்திக் காட்டும். முகாம்களில் அதிகமாக நடக்கும் தவறு இதுதான், ஒரு பெரிய பட்டை கட்டாயம் எடுத்து வையுங்கள். சட்டைக் கை மேல் கட்டாதீர்கள். 1 முதல் 2 நிமிட இடைவெளியில் இரண்டு தரம் அளந்து சராசரி எழுதுங்கள். முதல் தடவை வருகிறவருக்கு இரண்டு கையும் பாருங்கள். அதிகம் காட்டிய கையை அட்டையில் குறித்து வையுங்கள்.

முகாமில் ஒரே நாளில் 140/90க்கு மேல் வந்தால் "பிரஷர் நோய்" என்று எழுத வேண்டாம், "மறுபடி பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். வீட்டில் மெஷின் உள்ளவர்கள் 7 நாள் காலை 2, மாலை 2 அளந்து, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுக்கட்டும். அங்கே கோடு 135/85. மேலே சொன்ன ஆய்வில் கட்டிய 24 மணி நேரக் கருவிக்குக் கோடு 130/80. மூன்று கோடும் வேறு வேறு, கலந்துவிடக் கூடாது. 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பல் வேலை வேண்டாம். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், ஒரு பக்கக் கைகால் பலவீனம் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி.

தாம்வே முகாம் குழு

டாக்டர் ஐயா, சிஸ்டர், இரண்டு பேருக்கும் நன்றி. "ஸ்கேலிங் செய்கிறோம், பிரஷர் குறையும்" என்றிருந்த வரியை எடுத்துவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். முகாமுக்கு வருகிற ஆண்களில் நிறையப் பேர் குன்யா போடுகிறவர்கள். துலக்கினால் ரத்தமே வருவதில்லை, ஈறு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ரத்தம் வருகிறதா என்று கேட்டே பிரிக்கலாமா? அடுத்தது, எல்லாருக்கும் ஒரு பாட்டில் மவுத்வாஷ் கொடுக்க ஒரு கடைக்காரர் முன்வந்திருக்கிறார். வாங்கலாமா?

மோல்மேன் ஈறு வைத்தியம்

ரத்தத்தை மட்டும் கேட்டுப் பிரிக்காதீர்கள். நிகோட்டின் ஈறின் மெல்லிய குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே 6 மில்லிமீட்டர் பை இருந்தாலும் மேலே ஈறு வெளுத்து, தடித்து, ரத்தமில்லாமல் இருக்கும். புகையிலை போடுகிறவரிடம் ரத்தம் வரவில்லை என்பதற்கு நான் எந்த மதிப்பும் கொடுக்க மாட்டேன். குன்யாவை விட்ட சில வாரத்தில் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கலாம். விட்டதால் நோய் வந்தது என்று பயந்து திரும்பவும் போட ஆரம்பிப்பார்கள், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அளந்துதான் பார்க்க வேண்டும். மாணவர்களிடம் டபிள்யூ.எச்.ஓ. புரோப் (ஈறுப் பையின் ஆழத்தை அளக்கும் மெல்லிய கோல்) இருக்கும். நுனியில் 0.5 மில்லிமீட்டர் உருண்டை, 3.5 முதல் 5.5 வரை கறுப்புப் பட்டை. 20, 25 கிராம் அழுத்தம் போதும். நகத்துக்கடியில் வைத்து அழுத்தினால் வலிக்காத அளவு. வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, பல்லைச் சுற்றி நடத்திக்கொண்டே போங்கள். பட்டை முழுதும் தெரிந்தால் பை இல்லை. பாதி மறைந்தால் 4, 5 மில்லிமீட்டர். முழுதும் மறைந்தால் 6 அல்லது அதற்கு மேல். ஒரு பகுதியிலாவது முழுதும் மறைகிறவர்தான் ஆழ் சுத்தத்துக்கு அனுப்ப வேண்டியவர். தடித்த காரை புரோப்பை இறங்கவிடாமல் தடுத்துக் குறைத்துக் காட்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு போடுகிறவர்களிடம் இது சகஜம். அங்கே சந்தேகத்தின் பலனை நோய்க்கே கொடுங்கள்.

செயற்கை இதய வால்வு உள்ளவர், முன்பு இதய உள்சுவர்த் தொற்று வந்தவர் என்றால் புரோப்பை வைப்பதற்கு முன்பே நிறுத்துங்கள். அவர்களுக்கு ஈறைத் தொடுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு ஆன்டிபயாட்டிக் வேண்டும். அது மருத்துவமனை வேலை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் மாத்திரை போடுகிறவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்க்காமல் ஆழ் சுத்தம் கூடாது. தாமாக மாத்திரையை நிறுத்திவிட்டு வருவது அதைவிட ஆபத்து.

குன்யா போடுகிற வாய் திறந்திருக்கும்போது இன்னும் இரண்டைப் பாருங்கள். அவருடைய மூன்று விரல் செங்குத்தாக வாய்க்குள் போகிறதா? போகாவிட்டால் கன்னம் இறுகும் நோய் ஆரம்பித்திருக்கலாம். 2 வாரத்தில் ஆறாத புண், தேய்த்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், பிரஷர் ஒருபுறம் இருக்கட்டும், அவரை முதலில் அனுப்புங்கள். அனுப்பும் சீட்டு எழுத யாங்கோன் பல் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாண்டலே பக்கத்துக்காரர்களுக்கு அங்கேயும் ஒன்று உண்டு.

வீட்டுக் குறிப்புக்கு இதைப் போடுங்கள்: மென்மையான பிரஷை ஈறின் ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக, 2 நிமிடம், நாளுக்கு 2 தரம். பல் இடுக்குக்கு இடைப்பல் பிரஷ், இடுக்கில் லேசாகப் பிடிக்கிற அளவு; தொளதொளவென்று போனால் பயனில்லை, தள்ளித் திணித்தால் புண். முதல் ஒரு வாரம் ரத்தம் வரும். அதற்குப் பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு; ஒழுங்காகத் துலக்கினால் 7, 10 நாளில் நிற்கும். நிற்காத இடத்தில் உள்ளே காரை இருக்கிறது. உமிக்கரி, செங்கல் தூள் வேண்டாம், வேரைத் தேய்த்துவிடும்.

ஆழ் சுத்தத்துக்குப் பிறகு பல் நீளமாகத் தெரியும், இடுக்கு விழும், குளிர்ந்த தண்ணீர் 2, 4 வாரம் கூசும். வீங்கின ஈறு வற்றியதுதான் காரணம். "கிளீன் பண்ணினதால பல் ஆடுது" என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. எலும்பு முன்பே கரைந்து, காரைதான் பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. இதை வைத்தியத்துக்கு முன் சொன்னால் விளக்கம், பின் சொன்னால் சாக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். முன்பே சொல்லுங்கள்.

மாண்டலே மருந்தகம்

மவுத்வாஷை எல்லாருக்கும் கொடுக்காதீர்கள், அதுவும் பிரஷர் முகாமில்.

கீரை, பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் உமிழ்நீர் வழியாக நாக்குக்குத் திரும்பி வரும். நாக்கின் பின்பக்கத்து நல்ல கிருமிகள்தான் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகிக் குழாயைத் தளர்த்தும். டாக்டர் மேலே சொன்ன அதே பொருள், இன்னொரு பாதையில். 2013இல் லண்டனில் 19 ஆரோக்கியமானவர்களுக்கு 7 நாள் குளோர்ஹெக்சிடின் கொடுத்துப் பார்த்தார்கள். வாயில் நைட்ரைட் உற்பத்தி 90 சதவீதம் விழுந்தது, ரத்தத்தில் 25 சதவீதம் குறைந்தது, பிரஷர் 2 முதல் 3.5 புள்ளி ஏறியது. கெட்ட கிருமியை அடிக்கும்போது நல்லதும் சேர்ந்து சாகிறது.

குளோர்ஹெக்சிடினே கெட்டது என்று அர்த்தமில்லை. ஆழ் சுத்தத்துக்குப் பிறகு 0.2 சதவீதக் கரைசல் 10 மில்லி, 1 நிமிடம், நாளுக்கு 2 தரம், 2 வாரம் என்று டாக்டர் எழுதினால் அது சரியான உபயோகம். பேஸ்ட் வைத்துத் துலக்கிய உடனே ஊற்றினால் பேஸ்டின் நுரைப்பொருள் அதைச் செயலிழக்க வைக்கும். 30 நிமிடம் தள்ளி உபயோகிக்க வேண்டும். மாதக்கணக்கில் போட்டால் பல் பழுப்பாகும், நாக்கு ருசி கெடும். ஈறுப் பையின் அடிக்கு அது இறங்கவும் செய்யாது. கடைக்காரரிடம் அந்தப் பணத்துக்கு மென்மையான பிரஷும் இடைப்பல் பிரஷும் கேட்டுப் பாருங்கள்.

கேட்காத இரண்டு விஷயத்தையும் சேர்க்கிறேன், இரண்டும் மருந்து சம்பந்தம். அம்லோடிபின், நிஃபெடிபின் வகை மாத்திரைகள் சிலருக்கு ஈறை வளரச் செய்யும். முன்பற்களுக்கு நடுவே முக்கோணமாக உருண்டு வரும், மாத்திரை தொடங்கிய சில மாதத்தில். நிஃபெடிபினில் அதிகம், அம்லோடிபினில் குறைவு, பல்லில் கிருமிப் படலம் சேர்ந்தால் இரண்டிலும் மோசம். வளர்ந்த ஈறுக்கடியில் பிரஷ் போகாது, அழற்சி கூடும். பிரஷர் மேசையில் மாத்திரைப் பெயரைக் குறிக்கும் தங்கச்சிகள் இந்த இரண்டு பெயரைக் கண்டால் ஈறைப் பார்க்க அனுப்பட்டும். மாற்று மாத்திரை உண்டு, ஆனால் மாற்றுவது எழுதிக்கொடுத்த டாக்டர் வேலை. யாரும் தானாக நிறுத்தக் கூடாது.

மற்றது வலி மாத்திரை. ஆழ் சுத்தம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வாங்கிப் போடுவார். அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும். எனலாப்ரில், லோசார்ட்டன், நீர் மாத்திரை எல்லாவற்றின் வேலையையும் மட்டுப்படுத்தும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு இன்னும் கேடு. பாராசிட்டமால் போதும். கடையில் நாலைந்து மாத்திரையைக் கலந்து கட்டிக்கொடுக்கும் பொட்டலத்தைக் கண்டிப்பாக வாங்கக் கூடாது. உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் பிரஷர், சர்க்கரை இரண்டும் ஏறும், ஈறு வீக்கம் மட்டும் தற்காலிகமாக வற்றி, குணமான மாதிரி காட்டும்.

தாம்வே முகாம் குழு

மவுத்வாஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், பிரஷ் தரச் சம்மதித்தார். துண்டறிக்கையில் ஈறுப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"ஈறு நோய் உடம்பு முழுவதும் அழற்சியை உண்டாக்கி பிரஷரை ஏற்றலாம். குன்யா, புகையிலை போடுகிறவர்களுக்கு ரத்தம் வராமலே ஈறு நோய் இருக்கும். ஈறை அளந்து பாருங்கள். பை ஆழமாக இருந்தால் வேர் வரை சுத்தம் செய்துகொள்ளுங்கள். மேலாக எடுத்தால் போதாது. பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஒரு மாதம் கழித்து பிரஷர் பாருங்கள்."

மோல்மேன் ஈறு வைத்தியம்

கடைசி வரியை மாற்றுங்கள். ஒரு மாதத்தில் ஈறு ஆறியிருக்காது. 8 முதல் 12 வாரம் என்று போடுங்கள். அன்றைக்கே பையையும் மறுபடி அளக்க வேண்டும், அதன் பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம். பையில் கிருமிகள் சில வாரத்தில் திரும்பக் குடியேறிவிடும். "ரத்தம் வராமலே இருக்கும்" என்பதை "இருக்கலாம்" ஆக்குங்கள், எல்லாருக்கும் இருப்பதில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வரி சேருங்கள்: ஈறு வைத்தியம் செய்தால் 3, 4 மாதத்தில் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது. அதற்கான ஆதாரம் பிரஷருக்கு உள்ளதைவிடப் பலமானது, தயங்காமல் எழுதலாம்.

பெகு செவிலி

அட்டையின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போடுங்கள் தம்பி: முதல் பிரஷரும் எந்தக் கை என்பதும், மிக ஆழமான பை எத்தனை மில்லிமீட்டர், ஆழ் சுத்தம் முடிந்த தேதி, 8 வாரத்துக்குப் பிந்தைய பிரஷர். நடுவில் டாக்டர் மாத்திரையைக் கூட்டினாரா, மாற்றினாரா என்பதை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் அளவு இறங்கியது மாத்திரையாலா ஈறாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது தடவையும் அதே கை, அதே அளவுப் பட்டை, முடிந்தால் அதே நேரம்.